மூன்றே முக்கால் காபி

செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தைக் காலை ஆறரைக்குத் திறப்போம். ஏழு மணிக்குள் பத்துப் பதினைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெரும்பாலும் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தவர்கள். ஊசியை எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சாப்பிட்டீர்களா? டிப்ளமோ படித்தபோது அந்த ஒரு கேள்வி போதும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

போதாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்துச் சன்னதித் தெருவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். நேற்று ராத்திரி ஏழரைக்கு இரண்டு இட்லி, அதற்கப்புறம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். ரப்பர் பட்டையைக் கட்டும்போது அவரிடமிருந்து காபி வாசனை வந்தது.

"காபி குடிச்சீங்களா சார்?"

"காலம்பற குடிச்சேன். அது எப்படிப்பா சாப்பாட்டுல சேரும்?"

"சர்க்கரை போட்டா?"

"சர்க்கரை போடாம அது என்ன காபி? ஆனா டம்ளர் சின்னதுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளிடம் உண்மை பேசச் சொன்ன மனிதர். அவருடைய கணக்கில் காபி சாப்பாட்டில் வராது, அவ்வளவுதான். நாளைக்கு வாருங்கள் என்றேன். மறுநாளும் குடித்துவிட்டு வந்தார். இந்த முறை பாதி டம்ளர்.

இன்னொரு அம்மா, திருப்போரூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வருகிறவர். மாதா மாதம் கிருத்திகைக்கு விரதம் இருப்பவர். அவரிடம் காபி குடித்திருக்கிறீர்கள், இன்றைக்கு எடுக்க முடியாது என்று சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கிருத்திகைக்கே காபி குடிச்சிட்டுத்தான் மலையேறுறேன். அந்த முருகனே ஒண்ணியும் சொல்றதில்ல. நீ இன்னா சொல்ல வந்துட்ட?" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் நாலு பேர் எழுந்து, தாங்களும் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். காபி, டீ, பால் குடித்தாலும் சாப்பிட்ட மாதிரிதான். அதைப் படித்துவிட்டும் குடித்துவிட்டு வருகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வந்தவர்கள் கிளம்பும்போது அம்மா சொல்வது, "வெறும் காபியோட போறீங்களே, ஒண்ணியும் துன்னாமப் போறீங்களே" என்பதுதான்.

எங்கள் வீடு மாமல்லபுரத்துக்கு முன்னால் பூஞ்சேரிப் பக்கம். என் அப்பா கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மறைமலை நகரில் கார்களுக்கு வயர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைக்கு, காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன். நாலே காலுக்குப் புறப்பட்டு, மாமல்லபுரத்தில் சிலர், வழியில் சிலர், திருக்கழுக்குன்றத்தில் சிலர் என்று ஏற்றி, செங்கல்பட்டு வழியாக ஐந்தே முக்காலுக்குள் கேட்டில் இறக்க வேண்டும். பதினேழு பேர். வேன் ஒப்பந்தக்காரருடையது. அப்பா ஒன்பது வருஷமாக அந்த ஓட்டத்தில் இருந்தார்.

அவருடைய காபி மூன்றே முக்காலுக்கு. அம்மா எழுந்து பாலைக் காய்ச்சி, பாக்கெட் தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு வெளியே கொண்டுபோய்க் கொடுப்பார். அப்பா வேனுக்குப் பக்கத்தில் நின்றபடியே குடிப்பார். வண்டியில் ஏறிய பிறகு குடிக்க மாட்டார். எங்கேயாவது உட்கார்ந்தும் குடிக்க மாட்டார். "சாவி போடுறதுக்கு முந்தி உள்ள போவணும். அதுக்கப்பறம் குடிக்கிறது சும்மா டைம் பாஸு" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலையில் எழுந்தவுடன் காபி குடிப்பது நல்லதல்ல, ஒன்றரை மணி நேரம் கழித்துக் குடிப்பதுதான் உடம்புக்கு ஏற்றது என்று எங்கேயோ செல்போனில் படித்திருந்தேன். அதை அப்பாவிடம் சொன்னேன். அப்போதெல்லாம் நான் படித்ததை எல்லாம் வீட்டில் வந்து சொல்வேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சொல்ல வேண்டியது என் கடமை என்றே நினைத்திருந்தேன்.

அப்பா கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒன்றர மணி நேரம் கழிச்சி நான் செங்கல்பட்டு பைபாஸ்ல கீறேன். ஸ்டேரிங்க நீ வந்து புடிச்சிக்கிறியா?" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரரின் ஷெட்டில் டிரைவர்களுக்கு மருத்துவ முகாம் நடக்கும். கண், ரத்த அழுத்தம், சர்க்கரை. போன வருஷம்வரை அது பேருக்கு நடந்தது. இந்த வருஷம் தொழிற்சாலைக்காரர்கள் புதிதாக ஒரு விதி வைத்திருந்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றி முப்பதைத் தாண்டினால், அந்த டிரைவர் ஆள் ஏற்றும் வண்டியை ஓட்டக் கூடாது. அப்பாவுக்கு நூற்றி எண்பத்து நாலு வந்தது.

அவர் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் கொடுத்தார். படித்தேன். கடைசி வரியில், இரண்டு வாரத்துக்குள் மறுபரிசோதனை, இல்லையென்றால் பணி நிறுத்தம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"வண்டிய வுட்டு எறக்கிடுவானுங்களா?"

"சர்க்கரை குறையலன்னா எறக்கிடுவாங்க."

அப்பாவுக்கு ஐம்பத்தொரு வயது. வண்டி ஓட்டுவதைத் தவிர அவர் வேறு வேலை பார்த்ததில்லை. ஒருமுறை கொஞ்ச நாள் செங்கல் சூளையில் இருந்திருக்கிறார். அதைப் பற்றிப் பேச மாட்டார்.

"முகாம்ல ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னால காபி குடிச்சியா நைனா?" என்றேன்.

"குடிச்சேன். வூட்ல ஒண்ணு. லேடீஸ எறக்கி வுட்டுட்டு அங்க கடையில ஒண்ணு."

"சாப்டியான்னு கேக்கலையா அவங்க?"

"கேட்டானுங்க. இல்லன்னேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சர்க்கரை போட்ட இரண்டு காபி. முகாமில் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை. தினமும் காலையில் நான் பார்க்கிற அதே தவறு என் வீட்டிலும் நடந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது நான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன். காபியில் உள்ள சர்க்கரை எவ்வளவு நேரத்தில் ரத்தத்துக்கு வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்பதையெல்லாம் சொன்னேன். மறுநாள் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசருக்கு நானே போன் செய்தேன். அவர் நல்ல மனிதர். "அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள்ள எந்த லேப்லயாவது எடுத்து ரிப்போர்ட் குடுத்துருங்க தம்பி. நூத்தி முப்பதுக்குள்ள இருந்தா எனக்கு எந்தப் பேஜாரும் இல்ல" என்றார்.

அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் காபிக்குக் கெட்ட பேர். அம்மா தூள் டப்பாவைப் பார்த்தாலே திட்டினார். இவ்வளவு நாள் கூட இருந்து குழி பறித்த உறவுக்காரரைப் பேசுகிற மாதிரி பேசினார். பக்கத்து வீட்டில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம், "ஒண்ணியும் இல்ல, காபிதான். எம் புள்ள சொல்லிட்டான்" என்றார்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. மூணு மாச சுகர் என்று எங்கள் ஊரில் சொல்கிற பரிசோதனை ஒன்று உண்டு. போன மூன்று மாதத்தின் சராசரியை அது காட்டும். அன்று காலையில் காபி குடித்தாலும், கல்யாணச் சாப்பாடே சாப்பிட்டாலும் அதில் மாறாது. தினமும் பத்துப் பேருக்காவது அதைச் செய்கிறேன். அப்பாவுக்கு அதை அன்றைக்கே செய்திருக்கலாம். சூப்பர்வைசர் கேட்டது வெறும் வயிற்றுச் சர்க்கரைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பிடும்போது அம்மா எதிரில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு நீதான் எடுக்கப் போறியா?"

"ஆமா."

"நம்பரு நீதான் எய்துவியா?"

"மிஷின்ல வரும்மா."

"மிஷின் காயிதத்துல எய்துமா?"

"காயிதத்துல நான்தான் டைப் பண்ணுவேன்."

"ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரசம் ஊத்திக்கோ" என்றார். 

அப்பாவுக்கு ஓட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் லேப் கிடையாது. லீவு போட்டால் சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வரும் என்று அப்பா பயந்தார். அதனால் சனிக்கிழமை ஓட்டத்தை முடித்துவிட்டு நேராக லேபுக்கு வருவது என்று முடிவானது. அதாவது, ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகக் காபி குடிக்காமல் அவர் சாவி போட வேண்டும். தூங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். நானும் கூட வருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாதாரணமாக நான் கண் விழிக்கும்போது அப்பா போயிருப்பார். நான் ஐந்தேகால் பஸ் பிடிப்பேன். அவர் ஓட்டத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. முன் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமல்லபுரத்தில் முதலில் ஏறிய பெண்கள் என்னை எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா அண்ணாத்த, புதுசா கிளீனர் போட்டுக்கீறீங்க?"

"எம் புள்ள. லேப்ல கீறான்."

"ஓ, ரத்தம் எடுக்குறவரா? எங்களுக்கும் எடுப்பீங்களா சார்?"

"அதான் எங்க லைன் சூப்பர்வைசர் டெய்லி எடுக்குறானே" என்றாள் பின்சீட்டிலிருந்து ஒருத்தி. வேன் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திருக்கழுக்குன்றம் வருவதற்குள் சிரித்தவர்களில் பாதிப் பேர் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்கள். அப்பா கொட்டாவி விட்டார். நான் எண்ண ஆரம்பித்தேன். ஐந்தாவது கொட்டாவிக்கு, எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா முன்னால் குனிந்தார்.

"அண்ணாத்த, இன்னா இன்னைக்கு? காபி குடிக்கலையா?"

"இல்லம்மா."

"ஃப்ளாஸ்க்ல கீதே. ஊத்தட்டா? பிரேக்ல குடிக்கக் கொண்டாந்தேன், பரவால்ல."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"வேணாம்மா. இவன் வேணாங்கிறான்."

"உம் புள்ள இன்னா போலீஸா? பதினேழு உசுரு கீதுப்பா வண்டில. குடிக்க வுடு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு எண்ணுக்காகப் பதினேழு பேரை இருட்டில் கொண்டுபோகிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசிக்கொண்டே வந்தால் தூக்கம் வராது என்று நினைத்தேன். ஆனால் அப்பாவும் நானும் பேசுகிறவர்கள் இல்லை. லேபில் பேசுகிற மாதிரிதான் பேச வந்தது.

"ராத்திரி நல்லாத் தூங்குனியா நைனா?"

"எங்க தூங்குறது. நாலு வாட்டி எந்திரிக்கிறேன்."

"எதுக்கு?"

"ஒண்ணுக்குப் போவத்தான். போயிட்டு வந்து தண்ணி குடிக்கிறேன். நாக்கு அப்பிடியே ஒட்டிக்குது. தண்ணி குடிச்சா மறுபடி போவணும். ரெண்டரைக்கு மேல எங்க தூங்குறது, சும்மா படுத்துகினு இருக்க வேண்டியதுதான். அதான் எந்திரிச்ச ஒடனே காபி வேணும்ன்னு கீது."

"எவ்ளோ நாளா?"

"போன பொங்கலுக்கு அப்பால."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேபில் யாராவது இப்படிச் சொன்னால் ஊசி குத்தும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். மூணு மாச சுகரும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். அப்பாவிடம் இந்தக் கேள்விகளை நான் கேட்டதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ராத்திரி கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு, மறுபடி தூங்கியிருக்கிறேன்.

சர்க்கரையால் தூக்கம் கெட்டு, தூக்கம் கெட்டதால் காபி. நான் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தாளில் படம் போட்டு விளக்கியிருந்தேன்.

"வேற எதுனா பண்ணுதா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அப்பா பின்னால் ஒரு தடவை கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "எடது காலு கொஞ்சம் மரத்த மாரி கீது. கிளட்ச்ச மிதிச்சா மிதிச்ச மாரியே தெரியல. செருப்பு போட்டுகினு கீறேனா இல்லையான்னு சில நேரம் குனிஞ்சி பாக்கணும். பழகிடுச்சி."

 செங்கல்பட்டு பைபாஸில் வெளுக்க ஆரம்பித்தது. ஏரிப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. அப்பா தூங்கவில்லை. ஐந்து நாற்பத்திரண்டுக்குக் கேட்டில் வண்டி நின்றது. இறங்கும்போது ஃப்ளாஸ்க் அக்கா என் தோளைத் தட்டி, "நைனாவுக்கு ஒரு நல்ல காபி வாங்கிக் குடுங்க, போலீஸு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லேபில் அன்றைக்கு முதல் ஆள் அப்பா. நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே கையை மடக்கித் திருப்பி வைத்தார். நல்ல நரம்பு. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாயில் எடுத்தேன். ஊசியை எடுக்காமல், மூணு மாச சுகருக்கான ஊதா மூடிக் குழாய் ஒன்றையும் மாட்டினேன்.

"ரெண்டா?"

"ரெண்டு."

 பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப குடிக்கலாமா?" என்றார். குடிக்கலாம் என்றேன். எதிர்க் கடைக்குப் போனார்.

மிஷினில் நூற்றி எழுபத்தொன்பது என்று வந்தது. முகாமில் வந்ததைவிட ஐந்து குறைவு. இரண்டு காபியும் சேர்ந்து ஏற்றியது அந்த ஐந்துதான் போல.

கணினியில் அப்பாவின் பெயரும் வயதும் ஏற்கெனவே அடித்து வைத்திருந்தேன். எண் போட வேண்டிய கட்டத்தில் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. எங்கள் லேபில் மிஷினிலிருந்து தாளுக்குத் தானாக எதுவும் போகாது. நான் பார்த்து அடிப்பதுதான். சாயங்காலம் டாக்டர் வந்து கையெழுத்துப் போடுவார். கூட வேலை பார்ப்பவர் அன்றைக்கு இன்னும் வரவில்லை. நூற்றி இருபத்தெட்டு என்று அடித்தால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணை நான் ஏன் அவ்வளவு குறிப்பாக நினைத்தேன் என்று தெரியவில்லை. நூற்றி முப்பது என்று போட்டால் சந்தேகம் வரும் என்று உள்ளே யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

நான் யோசித்தது பெரிய விஷயங்களை அல்ல. அந்த ஆசிரியரை இரண்டு நாள் திருப்பி அனுப்பியதை நினைத்தேன். கிளட்ச்சை நினைத்தேன். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியவர்களை நினைத்தேன். அம்மா ரசம் ஊற்றிக்கொள்ளச் சொன்னதையும் நினைத்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. வாசலில் அடுத்த ஆள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நூற்றி எழுபத்தொன்பது என்று அடித்தேன்.

வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குப் போனேன். அப்பா கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பாதி குடித்திருந்தார்.

"இன்னாச்சி?"

சொன்னேன்.

"காபி குடிக்காமயேவா?"

"குடிக்காமயேதான்."

அவர் டம்ளரைப் பார்த்தார். "அப்ப காபி மேல தப்பு இல்ல."

"இல்ல நைனா."

"ரெண்டு வாரமா அத்தப் போட்டு ஒங்கம்மா திட்டிகினு இருந்தா, பாவம்" என்று சொல்லிவிட்டு மீதியைக் குடித்தார். டம்ளரைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு, "காயிதத்துல எய்திட்டியா?" என்றார்.

"எய்திட்டேன்."

"ஒங்கம்மா இன்னாவோ சொன்னாளே."

"சொன்னாங்க."

அப்பா கிளம்பும்போது வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "அந்தக் கால் மேட்டரு, அது ரத்தத்துல தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அத்த யாருகிட்டயும் சொல்லிகினு இருக்காத. சக்கரைன்னா மாத்திர போட்டா எறங்கிடும். ஒரு மாசத்துல மறுபடி வண்டி குடுப்பானுங்க. காலுன்னா குடுக்க மாட்டானுங்க."

நான் காத்திருந்தவருக்கு ரத்தம் எடுக்கப் போனேன். ஊதா மூடிக் குழாயின் முடிவு அன்று மதியம் வந்தது. எட்டு புள்ளி ஒன்பது. ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை வியாதி. சாயங்காலம் அப்பாவைச் செங்கல்பட்டிலேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் இரண்டு தாளையும் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். வேற ஏதாவது தொந்தரவு இருக்கா என்று கேட்டார். அப்பா, ஒண்ணும் இல்ல சார் என்றார்.

"இடது கால் மரத்துப்போகுது டாக்டர். கிளட்ச் தெரியலன்னு சொல்றார்" என்றேன்.

அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். டாக்டர் அவரைப் படுக்கச் சொல்லி, ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் கால் விரலில் வைத்து, அதிர்வது தெரிகிறதா என்று கேட்டார். தெரியுது என்றார் அப்பா. டாக்டர் அதிர்வைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு மறுபடி வைத்தார். இப்போது என்றார். தெரியுது என்றார் அப்பா.

மூன்று மாதம் ஆள் ஏற்றும் வண்டி ஓட்டக் கூடாது, அதற்கப்புறம் பார்க்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வேனை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது, பஸ்ஸில் அப்பா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். அதிலிருந்து ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. அம்மா பேசினார், வேண்டியதை மட்டும்.

சூப்பர்வைசர் அவரை அனுப்பிவிடவில்லை. ஷெட்டில் வண்டிகள் போகிற நேரம், வருகிற நேரம் பார்த்து, டயரும் லைட்டும் சரிபார்க்கிற வேலை கொடுத்தார். அதில் முன்போல் வருமானம் இல்லை. ஏழு மணிக்குப் போனால் போதும். மாத்திரையைப் போட்டு, அரைமணி கழித்து ஏதாவது சாப்பிட்டு, அப்புறம் சர்க்கரை இல்லாத காபி. முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இத்தக் குடிக்கிறதுக்கு எதுக்கு நேரங்காலம்?" என்று அம்மாவிடம் கேட்டார். என் காதில் விழ வேண்டும் என்று சத்தமாகத்தான் கேட்டார். பத்தாவது நாள், "பஸ்ஸுக்கு நேரமாவல?" என்று என்னிடம் நேராகவே கேட்டார். நாங்கள் பேச ஆரம்பித்துவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்தேன். ஏழு புள்ளி ஒன்று. நல்ல இறக்கம். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, தேவலாம் என்றார். டாக்டர் இந்த முறை அப்பாவின் கண்ணைத் துணியால் மூடிவிட்டு அந்தக் கவையை வைத்தார். இன்னும் மூன்று மாதம் என்று எழுதினார். சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு, காலை ஓட்டத்துக்குக் கருங்குழியிலிருந்து வந்த ஒரு இளைஞனை நிரந்தரமாகப் போட்டுவிட்டதாகச் சொன்னார். ஷெட் வேலை அப்பாவுக்கு எப்போதும் உண்டு என்றும் சொன்னார். அப்பா சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இப்போது ராத்திரியில் அவர் ஒருமுறைதான் எழுந்திருக்கிறார். ஆறு மணிவரை தூங்கலாம். ஆனால் அந்த வேன் இப்போதும் எங்கள் பக்கத்து மூன்று பேரை ஏற்ற நாலே காலுக்குக் கூட்டுரோட்டில் திரும்புகிறது. ஹாரன் அடிக்காது. என்ஜின் சத்தம்தான் கேட்கும். எனக்கு எல்லா வண்டியும் ஒரே சத்தம். அப்பா பக்கத்து அறையில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார்.

"செகண்டு கியர்லயே திருப்புறான் பாரு. கிளட்ச்ச அமுக்கிகினே வர்றான். கிளட்ச் பிளேட்டு போயிடும்."

"படுய்யா" என்பார் அம்மா.

"நான் ஷெட்ல அவங்கிட்ட சொல்லணும்" என்பார் அப்பா. சொல்லியும் இருக்கிறார். அந்தப் பையன் கேட்டுக்கொண்டானாம். போன வாரத்திலிருந்து ஃபர்ஸ்ட் கியரில்தான் திருப்புகிறான் என்று, சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்.